பத்தியத்துக்கும் ஒரு கடைசி நாள் உண்டு

"பால் குடிச்சாத்தானே அக்கா, பால் ஊறும்!"

இதை நான் வானொலியில் சொல்லியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காலை நிகழ்ச்சியில், ஒரு பாட்டுக்கும் போக்குவரத்து நிலவரத்துக்கும் இடையே, சிரித்துக்கொண்டே சொன்னேன். அழைத்தவர் ஒரு கைக்குழந்தையின் தாய். பால் போதவில்லை என்று கவலைப்பட்டார். தினமும் இரண்டு டம்ளர் பசும்பால் குடிக்கச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு நன்றி சொன்னார். நான் அடுத்த பாட்டைப் போட்டேன். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

சென்ற ஆண்டு என் மகள் பிறந்தாள். எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூச்சோங் வீட்டில் அவளுடைய பெம்பர்ஸைப் பிரித்தேன். மலத்தில் சளி போல இழை இழையாக ஏதோ இருந்தது. அதன் நடுவே, நூல் கனத்தில் சிவப்பு.

அதைப் பார்த்த தாய்மார்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சிவப்பு ஒரு சொட்டுகூட இருக்காது. ஆனால் அன்று முழுக்க வேறு எதுவும் கண்ணில் படாது.

எல்லாவற்றையும் நிறுத்தினேன், ஒன்றைத் தவிர

அன்று போன கிளினிக்கில் நான்கைந்து நிமிடம்தான் பார்த்தார்கள். "நீங்கள் சாப்பிடும் ஏதோ ஒன்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஒவ்வாமை தரும் உணவுகளைத் தவிர்த்துவிடுங்கள்" என்றார்கள். எவை அந்த உணவுகள், எத்தனை நாளுக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் மற்றவர்களைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். அன்று வாய் வரவில்லை.

பட்டியலை நானே எழுதத் தொடங்கினேன். கிள்ளானிலிருந்து அம்மா கூப்பிட்டு இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் வேண்டாம் என்றார். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், பருப்பும் பூசணியும் வாயு என்றார். கைப்பேசியில் தாய்மார் குழு ஒன்றில் முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை என்று வரிசையாக வந்தது. யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டேன். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிய தாள் ஒரு வாரத்தில் இரண்டாவது பக்கத்துக்குப் போனது.

மூன்று வாரம் முடிவதற்குள் என் சாப்பாடு சோறு, மிளகு ரசம், அவித்த காரட் என்று ஆகிவிட்டது. நான்கு கிலோ இறங்கிவிட்டேன். மகள் பால் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். சிவப்பு மட்டும் போகவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் பட்டியலில் இன்னொன்று சேரும். ஒரு நாள் மாலை அடுப்படியில் நின்றவள், கண் இருட்டி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கணவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

அதற்குப் பிறகுதான் குழந்தை நல மருத்துவரையும், அவர் சொல்லி ஓர் உணவியலாளரையும் பார்த்தோம். உணவியலாளர் என்னைவிட வயதில் சிறிய மலாய்ப் பெண். நேற்று காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், "படுக்கும் முன் ஏதாவது?" என்றார்.

"பூண்டுப் பால். அத்தை காய்ச்சித் தருவாங்க. ஒரு பெரிய டம்ளர்."

பேனா நின்றது.

மருத்துவர் முதலில் சந்தேகப்பட்டதே பசும்பாலைத்தான். சோயா, முட்டை, கோதுமை, கடலை என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் நிறுத்திவிட்டு, பசும்பாலை மட்டும் தவறாமல் ஒவ்வொரு இரவும் குடித்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கணக்கில் வராது. மருந்துக் கணக்கில் வரும்.

பால் எப்படிப் பாலுக்குள் போகிறது?

நாம் சாப்பிடும் உணவின் புரதத்தில் மிகச் சிறிய துணுக்குகள் செரிக்காமல் ரத்தத்தில் கலந்து, தாய்ப்பாலுக்குள்ளும் போகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் ஒன்றும் இல்லை. சிலரின் குடல் மட்டும் அதை எதிரி என்று எண்ணிச் சண்டை போடுகிறது. குடலின் உள்தோல் புண்ணாகி, சளியும் ரத்த இழையும் வெளியே வருகின்றன. பெரும்பாலும் குழந்தை நன்றாக எடை போடும், சிரிக்கும், விளையாடும். என் மகளும் அப்படித்தான் இருந்தாள்.

இது எல்லார் வீட்டிலும் நடக்கும் விஷயம் அல்ல. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 1985-இல் பிறந்த 1,749 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பசும்பால் ஒவ்வாமை உறுதியானது 39 பேருக்கு. அவர்களில் தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருக்கும்போது அறிகுறி கண்டவர்கள் 9 பேர். அதாவது ஆயிரத்துக்கு ஐந்து. அந்த 9 பேரும் பிறந்த முதல் மூன்று நாட்களில், பிரசவ வார்டில், மாவுப் பால் கொடுக்கப்பட்டவர்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிய வந்தது.

பால் ஒவ்வாமையும் பால் செரிக்காமையும் வேறு வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். செரிக்காமைக்குக் காரணம் பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை. ஒவ்வாமைக்குக் காரணம் புரதம். பேரங்காடியில் லாக்டோஸ் நீக்கிய பாலைப் பார்த்ததும் என் கணவர் பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பெட்டி வாங்கி வந்தார். அதில் சர்க்கரைதான் இல்லை, புரதம் அப்படியே இருக்கிறது. தாய்ப்பாலிலேயே லாக்டோஸ் நிறைய இருக்கிறது, அதனால் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுப்பாலும் தீர்வு அல்ல. பசும்பால் ஆகாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. இரண்டின் புரதமும் அவ்வளவு நெருங்கிய உறவு.

உணவியலாளர் எனக்குக் கொடுத்த பத்தியம் மூன்றே வரி. பசும்பாலும் அதிலிருந்து வந்த எதுவும் நான்கு வாரத்துக்கு வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் இன்றிலிருந்தே வயிறு நிறையச் சாப்பிடுங்கள். நான்கு வாரம் கழித்து இந்தத் தேதியில் பாலை மீண்டும் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தேதியை எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

முதல் இரண்டு வரியைப் படித்து மகிழ்ந்தேன். மூன்றாவது வரியை வேண்டுமென்றே மறந்தேன்.

பால் ஒளிந்திருக்கும் இடங்கள்

டம்ளரில் இருக்கும் பாலை நிறுத்துவது சுலபம். மற்ற இடங்களில்தான் அது வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகளின்படி, பொட்டலத்தில் வரும் உணவில் பால், முட்டை, மீன், பசையம் உள்ள தானியம், கடலை, சோயா போன்றவை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். மலாயில்தான் பெரும்பாலும் இருக்கும். இந்தச் சொற்களைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டேன்: சூசு, தெப்புங் சூசு, பெப்பெஜால் சூசு, லெமாக் சூசு, மெந்தேகா, கேஜு, கசீன், வே. "மெங்காண்டுங்கி" என்ற சொல்லுக்குப் பிறகு இவற்றில் ஒன்று வந்தால் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவேன். மெந்தேகா காச்சாங் என்றால் மட்டும் பயப்பட வேண்டாம். அது வேர்க்கடலையை அரைத்தது, பெயரில்தான் வெண்ணெய்.

பிஸ்கட், ரொட்டி, மார்ஜரின், பொட்டலச் சூப்பு, மைலோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில ரொட்டிகளில் பால் இருந்தது, சிலவற்றில் இல்லை. தேங்காய்ப் பால் மாவுப் பொட்டலம் ஒன்றில் கசீன் இருந்ததைப் பார்த்துத்தான் அதிகம் திடுக்கிட்டேன். தேங்காய்க்குள் பசு எப்படி வந்தது? மாவு கட்டி தட்டாமல் கரைவதற்காகச் சேர்க்கிறார்கள்.

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளும் இப்படித்தான் ஏமாந்தேன். 2023 ஜனவரி முதல் 60 நாள் விடுப்பு 98 நாளாகிவிட்டது. அந்த 38 நாள் கூடுதலாகக் கிடைத்திருக்காவிட்டால் இந்தக் கதை இன்னும் மோசமாகப் போயிருக்கும். நிலையத்தின் சிற்றுண்டி அறையில் த்ரீ இன் ஒன் காப்பி இருந்தது. "பால் அல்லாத கிரீமர்" என்று எழுதியிருந்தது. நம்பிக் கலக்கினேன். பாதி குடித்தபின் சின்ன எழுத்தைப் படித்தேன்: சோடியம் கசீனேட். அது பாலின் புரதம்தான். கொழுப்பு பாலிலிருந்து வராததால் அந்தப் பெயர். மிச்சத்தைக் கொட்டிவிட்டு ஒலிபரப்புக்குப் போனேன். நல்லவேளை, மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்குத்தான் தூக்கம் இல்லை.

வெளியே சாப்பிடுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. மாமாக் கடையில் தே தாரிக்கும் தே சியும் கூடாது. தே ஓ, கோப்பி ஓ பரவாயில்லை. ரொட்டி சானாய் மாவில் டின் பாலும் நெய்யும் சேர்ப்பவர்கள் உண்டு, அதனால் விட்டுவிட்டேன். நாசி லெமாக் தேங்காய்ப் பாலில் வேகும் சோறு. சம்பால், நெத்திலி, கடலை, முட்டை எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்த நண்பர்கள். வாழையிலைச் சாப்பாட்டில் மோரையும் தயிர்ப் பச்சடியையும் பாயசத்தையும் ஒதுக்கினால் போதும். தோசைக்கு, "அண்ணே, நெய் வேணாம், எண்ணெய் மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெய்யில் கொழுப்புதானே என்று நினைப்போம். ஆனால் பாலின் புரதம் அதில் கொஞ்சம் தங்கியிருக்கலாம். சோதிக்கும் அந்த நான்கு வாரமாவது நெய்யும் வேண்டாம் என்றார்கள்.

அத்தையின் புதிய மருந்து

பூண்டுப் பால் நின்ற அன்று அத்தை என்னிடம் பேசவில்லை. மறுநாள் கேட்டார், "பால் குடிக்காம பால் எப்படி ஊறும்?"

என் வார்த்தையே எனக்குத் திரும்பி வந்தது. உணவியலாளரிடம் கற்றதைச் சொன்னேன். பிள்ளை எத்தனை முறை குடிக்கிறதோ, மார்பு எவ்வளவு காலியாகிறதோ, அதைப் பார்த்துத்தான் உடம்பு அடுத்த பாலைத் தயார் செய்கிறது. தாய்க்குத் தேவை வயிறு நிறையச் சாப்பாடும் தாகத்துக்குத் தண்ணீரும். பசு என்ன பாலா குடிக்கிறது, புல்தானே தின்கிறது என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஒரு டம்ளர் கொண்டு வந்து வைத்தார். "குடிச்சுப் பாரு. மாட்டுப் பால் இல்ல."

தேங்காயைத் துருவி, இரண்டாம் பாலில் பத்துப் பல் பூண்டைப் போட்டு, குழையும் வரை மெல்லிய தீயில் வேகவிட்டிருந்தார். பூண்டை மசித்து, ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகுத் தூளும் போட்டு, கருப்பட்டி கரைத்து, இறக்கும்போது கெட்டியான முதல் பால் இரண்டு கரண்டி. முப்பது வருடமாகக் காய்ச்சிய மருந்தை ஒரே நாளில் மாற்றியிருக்கிறார். எங்கள் வீட்டில் இப்போது பூண்டுப் பால் என்றால் இதுதான்.

பால் இல்லாமல் போனால் தாய்க்குக் குறைவது சுண்ணாம்புச் சத்து. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் வேண்டும். எனக்கு மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். நம் சமையலறையில் அதற்குப் பஞ்சமே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் அந்த வரிசைதான். சோயா பிரச்சினை இல்லை என்றால் தவ்ஃபுவும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் செய்து பார்க்க முருங்கைக்கீரைச் சொதி. பால், முட்டை, கோதுமை, சோயா, கடலை எதுவும் இதில் இல்லை. மீன் ஆகாதவர்கள் நெத்திலியை விட்டுவிடலாம்.

இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை உருவி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி முதல் பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப் எடுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் மூன்று, கால் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, கழுவிய நெத்திலி ஒரு கைப்பிடி. கீரையையும் முதல் பாலையும் தவிர மற்ற எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் போட்டு வெங்காயம் வேகும் வரை கொதிக்கவிடுங்கள். கீரையைப் போட்டு மூன்று, நான்கு நிமிடம். மூடக் கூடாது, மூடினால் நிறம் போய்விடும். தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குங்கள், கொதித்தால் திரிந்துவிடும். நெத்திலியில் உப்பு இருப்பதால் கடைசியில் சுவைத்துப் பார்த்து உப்புப் போடுங்கள். ஆறியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சுடுசோறும் இந்தச் சொதியும் இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டீர்கள்.

நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் பட்டினி கிடந்தவள், ஒரே உட்காரலில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அந்தத் தேதி வந்தது

இரண்டாவது வாரத்திலேயே சிவப்பு நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் சளியும் இல்லை. கன்னத்தில் இருந்த சொரசொரப்பு மறைந்தது. இராத்திரி மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். நான் வேலைக்குப் போய்விட்டு எல்டிபி நெரிசலில் மாட்டி வீட்டுக்கு வரும்போது, வாசலிலேயே சிரிப்பாள்.

அடிக்கோடு போட்ட தேதி நெருங்கியது. நான் கணவரிடம் சொன்னேன், "நல்லாத்தானே இருக்கா. எதுக்கு மறுபடியும் பாலைக் குடிச்சு அவளைச் சோதிக்கணும்? ஒரு வயசு வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்." அவரும் சரி என்றார். தெரிந்தே பிள்ளையின் குடலைப் புண்ணாக்க எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்?

வேண்டாம் என்றவர் அத்தை. கூடத்தில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார். "டாக்டர் நாள் குறிச்சுக் கொடுத்திருக்காங்கல்ல? நாப்பது நாள் பத்தியம்னா நாப்பத்தோராம் நாள் முறிச்சிரணும்."

தன் பூண்டுப் பாலை மீட்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கதையைச் சொன்னார். கேரித் தீவுத் தோட்டத்தில் இருந்தபோது என் கணவர் பிறந்திருக்கிறார். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. யாரோ ஒரு பெரியவர் மீன் சாப்பிடாதே என்றிருக்கிறார். சுற்றிலும் கடல். வாசலில் மீன்காரர் வருவார். அத்தை மீனை நிறுத்தினார். பிள்ளைக்குச் சொறி போய்விட்டது. மீனால்தான் போனதா, தானாகப் போனதா, யாருக்கும் தெரியாது. எப்போது திரும்பச் சாப்பிடலாம் என்று சொல்ல அந்தப் பெரியவரும் தோட்டத்தில் இல்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் அத்தை மீன் தொடவில்லை. அடுத்து வயிற்றில் பிள்ளை உண்டானபோதும் பயத்தில் தொடவில்லை.

"வேணாம்னு சொல்ல ஊரே வந்துச்சு. போதும்னு சொல்ல ஒருத்தரும் வரல" என்றார்.

அன்று யோசித்துப் பார்த்தேன். நம் பத்தியத்துக்கு நாற்பது நாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் பந்தாங்குக்கு நாற்பத்து நான்கு நாள். எதிர்வீட்டுச் சீனப் பெண் ஒரு மாதம் இஞ்சியும் நல்லெண்ணெயுமாக இருந்தாள். பூச்சோங்கில் ஒரே வரிசை வீடுகளில் மூன்று விதப் பத்தியம், மூன்றுக்கும் நாள் கணக்கு உண்டு. நான் குளிர்பெட்டியில் ஒட்டிய பட்டியலுக்குத்தான் நாளே இல்லை.

மருத்துவர்கள் அந்தத் தேதியைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஃபின்லாந்தில் மலத்தில் ரத்தம் கண்ட 40 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. பசும்பால் ஒவ்வாமை உறுதியானது 7 பேருக்கு மட்டுமே. பலருக்கு இது தானாகவே சரியாகிவிடுகிறது. பாலை நிறுத்திய வாரத்தில் அது சரியானால், பால்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். திரும்பச் சாப்பிட்டுப் பார்க்காமல் உண்மை தெரியாது. தெரியாவிட்டால் தாய் மாதக்கணக்கில் வீணாக வாயைக் கட்டுகிறாள், பிள்ளைக்கும் இல்லாத ஒவ்வாமையின் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

காரணமில்லாமல் தவிர்ப்பதாலேயே கெடுதல் வரலாம் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. பிரிட்டனில் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. சிறு வயதிலிருந்தே வேர்க்கடலை சாப்பிட்ட பிள்ளைகளில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வந்தது நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு. தவிர்த்தவர்களில் சுமார் 17 பேருக்கு.

குறித்த நாளில் சோதனையைத் தொடங்கினேன். முதல் நாள் அரை டம்ளர் பால். இரண்டாம் நாள் ஒரு டம்ளர், கொஞ்சம் தயிர். மூன்றாம் நாள் இரவு சளி. நான்காம் நாள் காலை, அதே நூல் கனச் சிவப்பு.

அழுதேன். ஆனால் முதல் முறை அழுதது போல இல்லை. இப்போது ஒரே ஒரு பெயர்தான். முட்டை, இறால், பருப்பு, கோதுமை எதன் மேலும் குற்றம் இல்லை. பாலை மறுபடி நிறுத்தினேன், நான்கைந்து நாளில் எல்லாம் அடங்கியது. குளிர்பெட்டியில் இருந்த இரண்டு பக்கத் தாளை அத்தையே கிழித்து, அதன் பின்புறத்தில் மளிகைக் கணக்கு எழுதினார்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்

முதலில் மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதை வீட்டில் தீர்மானிக்க முடியாது. குழந்தை எடை போடாவிட்டால், சோர்ந்து கிடந்தால், ரத்தம் அதிகமானால், விடாமல் வாந்தி எடுத்தால் காத்திருக்கக் கூடாது. பால் பட்டதும் உதடோ முகமோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு வாங்கினால் அது வேறு வகை ஒவ்வாமை. உடனே 999. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மறுபடி கொடுத்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

நிறுத்தச் சொல்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதை? எத்தனை நாள்? அதற்குப் பதில் நான் என்ன சாப்பிட வேண்டும்? மூன்றுக்கும் பதில் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

கணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பேரங்காடியில் லேபிள் படிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இராத்திரி நான்கு முறை எழுந்தவளுக்குச் சின்ன எழுத்து தெரியாது.

மகளுக்கு இப்போது பத்து மாதம். இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டிப் போய்விடும் என்கிறார்கள். அதனால் படிப்படியாகப் பாலைப் பழக்கும் முறையைத் தொடங்கியிருக்கிறோம். நன்றாகச் சுட்ட பண்டத்தில் பாலின் புரதம் வெப்பத்தால் மாறியிருக்கும், அதனால் முதல் படி பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட். சென்ற திங்கட்கிழமை ஒரு சிறு துணுக்கு கொடுத்தோம். மூன்று நாள் பெம்பர்ஸைப் பிரிக்கும்போதெல்லாம் வீட்டில் நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்றும் இல்லை. இந்த வாரம் கால் பிஸ்கட்.

அடுத்த படிக்கான தேதியை உணவியலாளர் கொடுத்துவிட்டார். அத்தை அதை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, காலையில் சாமி கும்பிட்டதும் எத்தனை நாள் பாக்கி என்று எண்ணுகிறார்.

அன்று வானொலிக்கு அழைத்த அந்த அக்கா இதைப் படித்தால், நான் சொன்ன இரண்டு டம்ளர் கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். உங்கள் பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகும் வயதில் இருக்கலாம். அன்று அவன் எத்தனை முறை பால் குடிக்கிறான், நீங்கள் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பாட்டைப் போட்டுவிட்டேன்.